ஏழு வருடம் யாரும் உட்காராத நாற்காலி

ஜூன் 7, சனி

கட்டுரைத் தலைப்பு வந்துவிட்டது. ‘நாவலில் காலி நாற்காலி என்னும் குறியீடு.’ ஐந்து பக்கத்துக்குக் குறையக்கூடாது. இருபது மதிப்பெண். அதில் எட்டு வாங்கினால்தான் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட். வாங்காவிட்டால் அடுத்த வருடம் முதலிலிருந்து. அடுத்த வருடம் எனக்கு நாற்பத்து மூன்று.

சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். எல்லாரும் பகலில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். மிஸ் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் அவரை மிஸ் என்கிறேன், அவர் என்னை அக்கா என்கிறார். இருவருக்குமே இன்னும் கொஞ்சம் கூச்சம்தான்.

“கைடு பாத்துக்கலாம், தப்பில்ல. எட்டு மார்க் ஈஸியா வந்துடும்” என்றார் மிஸ்.

கைடு என்ற சொல்லைக் கேட்டதுமே நோட்டை மூடிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஏன் மூடினேன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட.

பதினாறு வயதில் இதே மாதிரி ஒரு கட்டுரை. நானும் என் பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒரே கைடிலிருந்து எழுதினோம். எழுதினோம் என்ன, அப்படியே இறக்கினோம். ‘படம் இரண்டைப் பார்க்க’ என்று கைடில் இருந்ததையும் சேர்த்து ஐந்து பேரும் எழுதியிருந்தோம். எங்கள் தாளில் படமே கிடையாது! தலைமையாசிரியர் ஐந்து தாளையும் வராந்தாவில் ஒட்டினார். மற்ற நால்வர் வீட்டிலும் திட்டோடு முடிந்தது. அப்பா மட்டும், “படிச்சது போதும்” என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் சோபா பட்டறையில் பிசிறு வெட்ட உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடம் ஆகிறது.

அதனால் இந்த முறை ஒரு வரிகூட கைடிலிருந்து எடுக்க மாட்டேன். தோற்றாலும் என் சொந்தத் தோல்வியாக இருக்கட்டும். சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன்? உன்னிடம்தான், நோட்டுப்புத்தகமே.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் நாவலைப் படிக்கிறேன். உறை தைக்கிற ஊசி எட்டிப் பார்த்தாள். (அவள் வாயும் ஊசிதான். பெயர் அதனால் வந்ததா தொழிலால் வந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவள்.)

“கதை என்னடி?”

சொன்னேன். பெரிய குடும்பம். மூத்த மகன் கப்பல் ஏறிப் போய்விடுகிறான். அவன் மனைவி, மூத்த மருமகள், கூடத்து ஜன்னல் ஓரம் இருக்கும் அவனுடைய பிரம்பு நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. மாமனாரைக்கூட. ‘அது அவருடையது’ என்கிறாள். பத்து வருடம். கடைசியில் அவன் திரும்பி வருகிறான்.

“வந்து?”

“நாற்காலியில உட்கார்றான். கதை முடிஞ்சுது.”

“இதுக்கா நானூறு பக்கம்?” என்று உறையைத் தைக்கப் போய்விட்டாள்.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்றாம் அத்தியாயம், அவன் கிளம்புகிற வாரம். நாற்காலிக்குப் புதுப் பிரம்பு பின்னியிருக்கிறார்கள். பச்சைப் பிரம்பின் வாசனை கூடத்தில் நிற்கிறது என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். பதினான்காம் அத்தியாயம், ஏழு வருடம் கழித்து: ‘நடுவில் குழி விழுந்து தொய்ந்துபோயிருந்த பிரம்பை மாற்ற ஆள் வந்தான்.’

குழி எப்படி விழும்?

யாரும் உட்காராத பிரம்பு தொய்யாது. காயும். காய்ந்து முறுகி, ஓரத்தில் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். நடுவில் குழி விழ வேண்டுமானால் ஆள் உட்கார வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். இதைச் சொல்ல எனக்குக் கைடு வேண்டாம். கிளினிக், ஹோட்டல், வக்கீல் ஆபீஸ் என்று எத்தனை ஆயிரம் இருக்கை பிரித்திருப்பேன்!

அப்படியானால் அந்த நாற்காலி காலி இல்லை. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யார்?

ஜூன் 14, சனி

மிஸ்ஸிடம் சொன்னேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மிஸ் விடைக்குறிப்பைக் காட்டினார். காலி நாற்காலி: எதிர்பார்ப்பு, நம்பிக்கை, கற்பு. மூன்றுக்கும் விளக்கம் எழுதினால் மார்க். “அக்கா, அது ஆசிரியர் கவனிக்காம எழுதினதா இருக்கலாம். அவருக்குப் பிரம்பு பத்தி என்ன தெரியும்?”

“பச்சைப் பிரம்பு வாசனை தெரிஞ்சவருக்கு மத்ததும் தெரிஞ்சிருக்கும் மிஸ்.”

மிஸ் பேனாவை மூடினார். “சரி. அடுத்த வாரம் வகுப்புல எல்லாருக்கும் முன்னாடி நிரூபிங்க. பாக்கலாம்.”

சவாலா, தட்டிக்கழிப்பா? எதுவாக இருந்தாலும் சரி. நிரூபிக்கிறேன்.

ஜூன் 18, புதன்

இரண்டு நாற்காலி தயார். ஒன்று, கிளினிக்கிலிருந்து வந்தது, நடுவில் நல்ல குழி. இன்னொன்று எங்கள் பட்டறைப் பரணில் ஆறு வருடமாகச் சும்மா கிடப்பது. தூசியைக்கூடத் துடைக்கவில்லை, சாட்சியைக் கலைக்கக்கூடாதாம். இதைச் சொன்னது என் மகள். பன்னிரண்டாவது படிக்கிறாள், எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் வீட்டில் வக்கீல் என்றே பெயர். அவளுக்கும் இதே நாவல்தான் பாடம். கைடைப் பார்த்து எழுதிப் பதினேழு வாங்கிவிட்டாள்.

“அம்மா, எட்டு மார்க்குக்கு எதுக்கு நாற்காலியெல்லாம் தூக்கிட்டு அலையற?”

“உனக்கு மார்க்கு. எனக்கு வேற.”

“என்ன வேற?”

“போய்ப் படிடி.”

ஜூன் 21, சனி

இன்றைய நாளை எழுதாமலே விட்டுவிடலாம். ஆனால் எழுதுகிறேன்.

இரண்டு நாற்காலியோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அக்கா, இது ரெண்டும் உட்கார்ந்து வருதா, நின்னுட்டு வருதா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு தைரியம் இருந்தது அப்போது.

வகுப்பில் குழி விழுந்ததை முதலில் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் பரண் நாற்காலி. “இது ஆறு வருஷமா யாரும் உட்காரல. இப்ப கையால அழுத்தறேன், படபடன்னு தெறிக்கும் பாருங்க” என்று மந்திரவாதி மாதிரி சொல்லிவிட்டு அழுத்தினேன்.

ஒன்றும் ஆகவில்லை. முழங்கையால் அழுத்தினேன். பாறை. எங்களோடு படிக்கிற செக்யூரிட்டி அண்ணன் எழுந்து வந்து, “நான் பாக்கறேம்மா” என்று தொண்ணூறு கிலோவோடு அதில் உட்கார்ந்தார். சுகமாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஒரே சிரிப்பு.

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். பிளாஸ்டிக்! பிரம்பு மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் பட்டை. அந்த வருடம் பிரம்பு வராமல் போய், முதலாளி சொன்னபடி ஒரு டஜன் அதில் பின்னினோம். பின்னியது யார்? நான்தான். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? மேலே இருந்த தூசியைப் பார்த்தேனே தவிர அடியில் பார்க்கவில்லை. பதினாறு வயதிலிருந்து இதே வேலை செய்கிறவள்!

எல்லாரும் போனபிறகு மிஸ் வந்தார். சிரிக்கவில்லை. “அக்கா, நாற்காலி பத்தி உங்களுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா கட்டுரை நாற்காலியைப் பத்தி இல்லையே. உட்கார்ந்தது யாருன்னு புத்தகம் சொல்லுதா?”

இரண்டு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்தக் கண்டக்டர் முகத்தில் முழிக்க மனசில்லை.

ஜூன் 22, ஞாயிறு

புத்தகத்தைத் தொடவில்லை. அழுதேன், துணி துவைத்தேன், மறுபடி கொஞ்சம் அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

மூக்குடைபட்டது நான்தான், நாவல் இல்லை. குழி அங்கேயேதான் இருக்கிறது, பதினான்காம் அத்தியாயத்தில்.

மிஸ் கேட்டது நியாயமான கேள்வி. யார்? முதல் பக்கத்திலிருந்து பென்சிலோடு ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

கணக்கு இதுதான். நாவலின் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் எங்கே உட்காருகிறார்கள் என்று குறித்தேன். மாமனாருக்குச் சாய்வு நாற்காலி. மாமியாருக்குக் கட்டில். கொழுந்தனுக்கு மேசை முன் பெஞ்சு. அவன் மனைவிக்கு ஊஞ்சல். குழந்தைகளுக்குப் படிக்கட்டு. பூனைக்குக்கூட அரிசி மூட்டை மேல் ஒரு இடம் இருக்கிறது.

மூத்த மருமகள்? நிற்கிறாள். குனிகிறாள். வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறாள். பரிமாறுகிறாள். சுவரில் சாய்கிறாள். நானூறு பக்கத்தில் அவள் ஓரிடத்தில்கூட உட்காரவில்லை. ஒரு வரியில்கூட!

வக்கீலிடம் காட்டினேன். “எண்பதாம் பக்கத்துல அடுப்பு முன்னாடி குந்தியிருக்காளே?” என்றாள்.

“அது வேலைடி.”

“குந்தினா உட்கார்ந்த மாதிரிதான்.”

“நீ ஒரு மணி நேரம் குந்தி அடுப்பு ஊது, அப்புறம் வந்து சொல்லு.”

“சரி, தோத்துட்டேன்” என்றாள். அபூர்வம்.

ஜூன் 29, ஞாயிறு

வக்கீல் இன்று தானாகவே வந்து, “குடு, நான் சத்தமா படிக்கறேன், நீ துணி மடி” என்றாள். எனக்குக் கண் வலிக்கிறது என்று கண்டுகொண்டிருக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயம், எல்லாரும் தூங்குகிற நடுப்பகல். மூத்த மருமகள் ஏணி போட்டுப் பரணில் ஏறுகிறாள், கொழுந்தன் மகள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் கடகடவென்று படித்துக்கொண்டே போனாள். ‘பெரியம்மா, உங்க காலுக்குப் பின்னாடி என்ன கட்டம் கட்டமா இருக்கு, என்றது குழந்தை. அவள் உடையை இழுத்து மூடிக்கொண்டாள். பரணில் பித்தளைக் குடம்...’

“நில்லு நில்லு! திரும்பப் படி.”

படித்தாள். நான் எழுந்து உள்ளே போய்க் கிளினிக் நாற்காலியைக் கொண்டுவந்தேன். அதில் அரை மணி நேரம் உட்கார்ந்து துணி மடித்தேன். எழுந்து திரும்பி நின்று, “முழங்காலுக்குப் பின்னாடி பாரு” என்றேன்.

பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“அம்மா... கட்டம் கட்டமா இருக்கு.”

பிரம்பு விளிம்பு பதிகிற இடம் அது. நடுப்பகலில், எல்லாரும் தூங்குகிற நேரத்தில், அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்!

ஆனால் வக்கீல் வக்கீல்தானே. “சரி, அவளுக்கு உட்காரணும்னா நேரா உட்கார வேண்டியதுதானே? எதுக்கு ‘அவருடையது, யாரும் தொடாதீங்க’ன்னு நாடகம்?”

நான் யோசிக்கவே இல்லை. “எனக்குக் கொஞ்சம் உட்காரணும்னு சொன்னா அந்த வீட்டுல எவன் விடுவான்? புருஷனுக்காக வெச்சிருக்கேன்னு சொன்னா ஒருத்தனும் தொட மாட்டான்.”

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. இதுதான் கட்டுரை. மகள் பென்சிலை எடுத்து நான் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். “மறந்துடுவம்மா நீ” என்றாள்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் வரி வரவில்லை. ஒன்பது முறை கிழித்தாயிற்று. ‘இந்நாவலில் காலி நாற்காலியானது’ என்று ஆரம்பித்தாலே கைடு வாசனை அடிக்கிறது. சோபா பிரிக்கிறபோது எங்கே தொடங்குவேன்? கிழிந்த இடத்தில்.

பதினான்காம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். ஒரு பக்கம் வந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

முடிந்தது. ஏழு பக்கம். வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணி நேரம், சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் என்று எழுதியே முடித்துவிட்டேன். கைடைத் திறக்கவில்லை.

கடைசிப் பத்திதான் கஷ்டமாக இருந்தது. நாவலின் கடைசி வரி: ‘அவர் நாற்காலியில் அமர்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.’ இதற்குத்தான் கைடில் ‘நம்பிக்கை நிறைவேறியது’ என்று போட்டிருக்கிறதாம், மகள் சொன்னாள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. பத்து வருடமாக அவளுக்கு இருந்த ஒரே இடம் போயிற்று. அவளே வரவேற்று, அவளே துடைத்து, அவளே கொடுத்துவிட்டாள். ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இனிமேல் நடுப்பகலில் அவள் எங்கே போவாள்?

அப்படியே எழுதினேன். ஊசிக்குப் படித்துக் காட்டினேன். நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம், “அந்தப் பாவிக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக் குடுக்க ஆளில்ல பாரு” என்றாள்.

ஜூலை 5, சனி

கொடுத்துவிட்டேன். மிஸ் என் எதிரிலேயே படித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்போ அவ புருஷனுக்காகக் காத்திருக்கவே இல்லையா அக்கா?”

“காத்திருந்தா மிஸ். உட்கார்ந்து காத்திருந்தா. ரெண்டும் சேர்ந்து இருக்கக்கூடாதா?”

மிஸ் சிரித்துவிட்டு, “இதையும் எழுதுங்க” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் நின்றுகொண்டே எழுதினேன்.

“நான் மார்க் போட்டு அனுப்பறேன். ஆனா தலைமை அலுவலகத்துல ஒரு தடவை சரிபார்ப்பாங்க. விடைக்குறிப்புல இது இல்ல. அவங்க என்ன சொல்வாங்களோ, எனக்குத் தெரியாது. கைடு மாதிரி ஒண்ணு எழுதித் தர்றீங்களா, பத்திரமா இருக்கும்?”

“வேண்டாம் மிஸ்.”

சொல்லிவிட்டு வெளியே வந்து, முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 19, சனி

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு. ‘மாணவரின் கருத்து எந்த உரைநூலிலிருந்து எடுக்கப்பட்டது? மூலத்தைக் குறிப்பிடவும். குறிப்பிடத் தவறினால் மதிப்பெண் நிறுத்தி வைக்கப்படும்.’

காப்பி அடித்தேன் என்கிறார்கள்.

முதலில் கோபம் வந்தது. எனக்கா? இந்த ஏழு பக்கத்துக்கா? மிஸ் முகமும் சிவந்துவிட்டது. “நான் லெட்டர் எழுதறேன் அக்கா, கவலைப்படாதீங்க” என்றார். நான் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். “நானே எழுதறேன் மிஸ். கேட்டது என்னைத்தானே.”

ஜூலை 20, ஞாயிறு

இன்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வராந்தா, ஐந்து தாள், ‘படம் இரண்டைப் பார்க்க’, அப்பா. சிரிப்பாள் என்று நினைத்தேன். படம் இரண்டுக்குச் சிரித்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்துகொண்டு, “இத்தனை நாளா ஏம்மா சொல்லல?” என்றாள். வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. அப்படியே சொன்னேன்.

பதிலை இருவரும் சேர்ந்து யோசித்தோம். வக்கீல் ஒரு பக்கத்துக்கு வாதம் தயார் செய்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவளுடைய எழுத்து. கடைசியில் நான் எழுதியது இவ்வளவுதான்:

‘உரைநூல் எதிலும் இல்லை. அத்தியாயம் 3, 12, 14, கடைசிப் பக்கம் ஆகியவற்றைப் படித்து நான் நினைத்தது. பார்த்துக்கொள்ளவும்.’

கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு அழுத்திக் கையெழுத்துப் போட்டதில்லை. அடுத்த தாளில் பதிந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

பதினொன்று. ஹால் டிக்கெட் உண்டு.

மிஸ் பதினாறு போட்டிருந்தாராம், மேலே குறைத்துவிட்டார்கள். ‘விடைக்குறிப்பிலிருந்து விலகியுள்ளது, எனினும் ஏற்கத்தக்கது.’ எனினும்! அந்த ஒரு சொல்லுக்காக மகள் பதினேழு மார்க் வாங்கியதைவிட அதிகமாகக் குதித்தாள்.

ஜூன் 13, சனி

பத்து மாதமாக இந்த நோட்டைத் தொடவில்லை. பாஸ் செய்த அன்றுகூட எழுதவில்லை. எல்லாரிடமும் வாயால் சொல்லிச் சொல்லியே தீர்ந்துவிட்டது.

இன்று எழுதக் காரணம் ஊசி. ஐம்பத்தொரு வயதில் அவளும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். “நீ மட்டும் பெரிய மேதாவியா?” என்றுதான் சேர்ந்தாள். அதே நாவல், அதே தலைப்பு. வகுப்பு முடிந்து நேரே பட்டறைக்கு வந்தவள், புதுக் கைடை என் மடியில் விசிறியடித்தாள். இந்த வருடத்துப் பதிப்பு.

“படிடி. அறுபத்தி ரெண்டாம் பக்கம்.”

எதிர்பார்ப்பு, நம்பிக்கை, கற்பு எல்லாம் பழையபடியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக நான்கு வரி. பிரம்பில் விழுந்த குழி. காலில் பதிந்த கட்டம். ‘அவள் காத்திருந்தாள், உட்கார்ந்து காத்திருந்தாள்.’ கடைசியில், ‘எனச் சிலர் கருதுவர்.’

நின்றுகொண்டே எழுதிய வரி அது. ஒரு சொல் மாறவில்லை. அந்தத் தாள் போனது தலைமை அலுவலகத்துக்கு மட்டும்தான்.

“அது யாருடி சிலர்? நீதானே? பேரைப் போடாம அப்படியே காப்பி அடிச்சிருக்கான் பாரு, திருட்டுப் பய! சும்மா விடக்கூடாது. கடிதாசி போடு!” ஊசிக்கு மூச்சு வாங்கியது.

எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று தடவை படித்தேன். முதலாளி வந்து என்ன விசேஷம் என்று கேட்கிற அளவுக்கு என் முகம் இளித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. ஒன்றுமில்லை என்றேன்.

ஊசி அந்த நான்கு வரியை நோட்டில் இறக்கப் பேனாவைத் திறந்தாள். கைடைப் பிடுங்கி என் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“ஏய், குடுடி! உன்னோடதுதானே அது?”

“அதான் தர மாட்டேன். நீ மொதல்ல புத்தகத்தைப் படி.”